சின்னாயி காப்பின் வெயில்

மனைவி சின்னாயியின் வெள்ளிக் காப்பு முழுக்கக் கறுத்த அன்று முத்தன் வீட்டில் பொழுது விடியவில்லை. மலைமேல் இருந்த குண்டூர் நாட்டில் மற்ற வீடுகளில் வழக்கம்போல் விடிந்தது. முத்தன் வேலிக்கு அந்தப்பக்கம் வெயில், இந்தப்பக்கம் இருட்டு. வேலிமேல் உட்கார்ந்திருந்த காக்கைக்குப் பாதி உடம்புதான் தெரிந்தது. அந்தக் காப்பு அப்படிப்பட்டது என்று எல்லாருக்கும் தெரியும். கொஞ்சம் மங்கினால் அந்த வாசலுக்கு மட்டும் மேகம் போடும், தேய்த்தால் கலையும். சின்னாயி வாரந்தோறும் பூந்திக்கொட்டை நுரையில் கழுவி வந்ததால் அதற்குமேல் எதுவும் ஆனதில்லை. வயிற்றுப்பிள்ளையோடு கை வீங்கியபோது காப்பைக் கழற்றி அடுப்புக்கு மேலே பரணில் வைத்தாள், வைத்ததை மறந்தாள். புகை மறக்கவில்லை.

உலகச் சண்டைக் காலம் அது. விளக்குக்கு மண்ணெண்ணெய் சந்தையிலேயே கிடையாது. இருட்டைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், வாசலில் கிடந்த சாமையைப் பொறுக்க முடியாது. அறுப்பு முடிந்ததும் பெய்த மழையில் நனைந்த சாமை. உடனே காயாவிட்டால் முளைவிடும், முளைவிட்டால் அந்த ஆண்டுக்குச் சோறு இல்லை. அடுத்த வாசல்களில் போடலாம் என்றால் அங்கே அவரவர் சாமை இண்டு இடுக்கில்லாமல் பரந்து கிடந்தது.

இருட்டாக இருந்ததால் சின்னாயி எழவில்லை. அடுத்த வீட்டுச் சேவல் சத்தத்தில் முத்தன் எழுந்தான், காப்பைத் தானே சுத்தம் செய்வது என்று முடிவு செய்தான். அவனுக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. நோம்புக்கு நோம்பு கோயில் மணிகளையும் குத்துவிளக்கையும் அண்டாவில் போட்டுப் புளித்தண்ணீரில் வேகவைத்துப் பளபளப்பாக்குகிறவன் அவன்தான். மணிக்கு ஆவது காப்புக்கும் ஆகும் என்று நினைத்தான். சட்டியில் புளியைக் கரைத்துக் காப்பைப் போட்டுக் கொதிக்கவிட்டான். காப்பின் பொருத்துவாயிலிருந்து சிவப்பாக என்னவோ கசிந்து மிதந்தது. அழுக்கு என்று எடுத்துக் குப்பையில் கொட்டினான். சாம்பல் போட்டுத் தேய்த்ததும் காப்பு மின்னியது, வாசலில் பொழுது விடிந்தது. கோழிகள் இறங்கின.

ஆனால் அந்த வெயிலில் சூடு இல்லை. கொடியில் போட்ட சேலை ஈரமாகவே தொங்கியது. சாமை பளிச்சென்று தெரிந்தது, காயவில்லை. சின்னாயி வாசலுக்கு வந்து வெயிலில் கையை நீட்டிப் பார்த்தாள். பிறகு காப்பை எடுத்துக் காதருகே ஆட்டினாள். தட்டிப் பார்த்தாள். வெறும் கூடு.

"ஏனுங்க, காப்ப வேகவெக்கறதுக்கு அதென்ன கெழங்கா?"

"மணியெல்லாம் வேகவெக்கறனே."

"இதுக்குள்ள இருக்கறது அரக்குங்க, சூடே அதுலதான். அதக் கொட்டிப்போட்டு வந்து மணியாட்டம் நிக்கறீங்க."

வேலிக்கு அந்தப்பக்கம் சாமையைத் துழாவிக்கொண்டிருந்த மாதம்மாள், "முத்தண்ணா, உங்கூட்டு வெயிலு பாக்கறதுக்கு மட்டுந்தானுங்களா?" என்று கேட்டாள். முத்தன் காப்பைத் துணியில் முடிந்துகொண்டு மலையிறங்கினான்.

பேளுக்குறிச்சிச் சந்தையில் வெள்ளி வேலை செய்த குழந்தைசாமி ஆசாரி காப்பைத் தராசில் வைக்காமலே விஷயத்தைச் சொன்னார். "வேகவெச்சயா?"

"ஆமாங்க."

"மணிக்கு வயிறு கெடையாது. இதுக்கு உண்டு. ஊட்டுல கேட்டுட்டுச் செஞ்சியா?"

"தூங்கீட்டிருந்தாங்க."

"அப்பச் செரி."

அரக்கையும் செங்கல் தூளையும் சேர்த்து உருக்கினார். வயிறு முட்ட ஊற்றச் சொன்னான் முத்தன். சாமை நினைப்பு. ஆசாரி கொஞ்சம் தயங்கினார், பிறகு கேட்டபடியே ஊற்றிப் பொருத்துவாயை அடைத்தார். பச்சைத்தண்ணீர், பூந்திக்கொட்டை நுரை, பழைய வேட்டித்துணி, இவை தவிர வேறு எதுவும் அதன்மேல் படக்கூடாது என்றார். சாம்பலும் மணலும் வெள்ளியைத் தின்னும் என்றார்.

சின்னாயி கையில் காப்பு ஏறவில்லை, வீக்கம் வடியவில்லை. சும்மா வைத்தால் மறுபடி கறுக்கும். அதனால் முத்தன் தன் கையில் மாட்டிக்கொண்டான். பொம்பளைக் காப்பு போட்டு வாசலில் சாமை துழாவியவனைப் பார்த்து நாட்டு ஆண்கள் வேலை மெனக்கெட்டு வந்து சிரித்துவிட்டுப் போனார்கள். அவன் துழாவிக்கொண்டே இருந்தான். அந்த வாசலில் காலை வைக்க முடியாத வெயில். அன்றைக்கே சாமை கலகலவென்று காய்ந்தது. அதைக் குதிரில் கொட்டிய பிறகுதான் ஊரில் எப்போதோ இருட்டிவிட்டது என்பதை முத்தன் கவனித்தான். அரக்கு மிகுதியாகிவிட்டது. மற்ற வீடுகள் சோறு தின்று படுத்த பிறகும் அவன் வாசலில் வெயில் நின்றது.

குறைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்த வெயிலில்தான் சென்னம்மாள் பிறந்தாள். மருத்துவம் பார்க்க வந்தவள் விளக்கு கேட்கவில்லை. வீக்கம் வடிந்து காப்பு சின்னாயி கைக்குத் திரும்பியது. முத்தன் கழுவிக் கொடுப்பான், கழுவும் முன் அவளைக் கேட்டுக்கொள்வான். பின்வந்த மழை ஆண்டுகளில் மாதம்மாள் தன் சாமையையும் மிளகையும் பொழுது சாய்ந்தபின் இந்த வாசலுக்குக் கொண்டுவந்து காயப்போட்டாள். வெளிச்சத்தில் தூங்க மறுத்த சென்னம்மாளைச் சின்னாயி வேலி தாண்டி மாதம்மாள் வீட்டு இருட்டில் படுக்கவைத்தாள். சாமையை அள்ள வரும்போது பிள்ளையைத் தூக்கி வருவது மாதம்மாளின் வழக்கமாயிற்று.