நீலக் கோட்டின் மேட்டுப் பக்கம்

எங்கள் வீட்டு வாசலை ஒட்டித்தான் அந்த நீலக் கோடு போகிறது. மாரத்தோனாஸ் ஊரில் தொடங்கி ஏதென்ஸில் இருக்கும் மார்பிள் ஸ்டேடியம் வரை, நாற்பத்திரண்டு கிலோமீட்டர் சொச்சம், தார் ரோட்டில் பெயின்டால் இழுத்த கோடு. நியா மாக்ரியில் குடியிருக்கும் எங்களுக்கு அது வருஷத்தில் ஒரு நாள் தொல்லை. நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாரத்தான் பந்தயத்துக்காக ரோட்டை அடைத்துவிடுவார்கள். காரை வெளியே எடுக்க முடியாது. யார் வீட்டுக்கும் போக முடியாது. நானும் இருபது வருஷம் வாசலில் நாற்காலி போட்டு, காபி குடித்துக்கொண்டு, ஓடுகிறவர்களைத் திட்டியவன்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கூட்டத்தின் கடைசியில் ஒரு ஆள் வந்தான். என் வயசு இருக்கும். என்னைவிடப் பெரிய தொப்பை. சட்டை முழுக்க வேர்வை. என் வாசலில் நின்று தண்ணீர் கேட்டான். கொடுத்தேன். தெசலோனிகியில் குழாய் வேலை செய்கிறவனாம்.

“இன்னும் எவ்வளவு இருக்குண்ணே?” என்றான்.

“முப்பத்திமூணு.”

சிரித்தான். டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓடிப் போனான். அவன் முதுகு வளைவில் மறைகிற வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குக் காபி இறங்கவில்லை. ஒரு குழாய்க்காரனால் முடிகிறது, மார்பிள் பதிக்கிறவனால் முடியாதா?

என் பெயர் ப்ரோத்ரொமோஸ். ஐம்பத்திரண்டு வயசு. பதினாலு வயசிலிருந்து முட்டி போட்டுத் தரை பதிக்கிறேன். வேலையில் எனக்கு ஜோடி என் மனைவி எவாந்தியாவின் அண்ணன் அர்கிரிஸ். அடுத்த மார்ச்சில் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்து அவனிடம் சொன்னேன். சாந்துக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தான்.

“மச்சான், நீ பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓட மாட்டியேடா.”

“அதுக்குத்தான் பழகப் போறேன்.”

“பழகிட்டு?”

“ஸ்டேடியத்துக்குள்ள என் கால்ல நடந்து போவேன்.”

“டிக்கெட் வாங்கிட்டுப் போயேன். கேட்டுலயே தர்றான்.”

எவாந்தியா அவ்வளவு பேசவில்லை. அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். நாள் முழுக்க வயசானவர்களைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு வருகிறவளுக்கு வீட்டில் இன்னொருவனைத் தூக்கத் தெம்பு இருக்காது. “முட்டி போச்சுன்னா என்கிட்ட வராத, சொல்லிட்டேன்,” என்றாள். அதோடு விட்டாள்.

அப்போது எங்களுக்கு பல்லினியில் வேலை. நாலு மாடிக் கட்டடம், மாடி மாடியாகத் தரை. பல்லினியிலிருந்து எங்கள் வீடு பதினேழு கிலோமீட்டர், நீலக் கோட்டின் மேலேயே. காலையில் அர்கிரிஸின் வேனில் போவேன். சாயங்காலம் நாலு மணிக்கு செருப்பை மாற்றிக்கொண்டு ஓடி வீட்டுக்கு வருவேன். முதலில் பாதி ஓட்டம், பாதி நடை. மே மாதத்தில் முழுத் தூரமும் ஓடினேன். ஜூனில் ஒன்றரை மணி நேரத்தில் வீட்டு வாசலில் நின்றேன். பக்கத்து வீட்டு ஆள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நம்பவில்லை. எனக்கே கொஞ்சம் திமிர் வந்தது. இந்த வேகத்தில் போனால் நாலு மணி நேரத்துக்குள் ஸ்டேடியம் என்று கணக்குப் போட்டேன்.

ஜூலையில் ஒரு புதன்கிழமை, பிகெர்மி தாண்டி வரும்போது இடது முட்டிக்குள் யாரோ ஆணி அடித்த மாதிரி இருந்தது. நொண்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். மறுநாள் தரையில் மண்டி போட்டபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அர்கிரிஸ் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டான். பாவம், அவன் கேலி பேசாத ஒரே நாள் அதுதான்.

டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்தார். முட்டிக்குள் இருக்கும் சவ்வு கிழிந்திருக்கிறதாம். பாதிச் சேதம் என் தொழில் செய்தது.

“ஆபரேஷன் பண்ணணும். சீக்கிரமே பண்ணினா நல்லது. அப்புறம் தரை போடலாம், மெத்தை வெச்சு. ஓட்டம் கிடையாது.”

“எப்பவுமேவா?”

“எப்பவுமே.”

“நவம்பர் முடியட்டும், டாக்டரம்மா. அப்புறம் வெட்டுங்க.”

எவாந்தியா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு, “எங்க ஓடறீங்க?” என்று கேட்டார்.

“வேலையிலேர்ந்து வீட்டுக்கு. பல்லினியிலேர்ந்து நியா மாக்ரி.”

“தினமும்?”

“வாரத்துல நாலு நாள். ஒன்றரை மணி நேரத்துல வந்துடுவேன்.” பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் என்னையும் எவாந்தியாவையும் மாறி மாறிப் பார்த்தார். “ஐயா, அது முழுக்க இறக்கம். பந்தயம் நியா மாக்ரியிலேர்ந்து பல்லினிக்கு வருது. அந்தத் தூரம் முழுக்க ஏத்தம். நாலு மாசமா நீங்க பந்தயத்தைத் தலைகீழா ஓடியிருக்கீங்க. இறக்கத்துல ஒவ்வொரு அடிக்கும் உடம்பு பாரம் மொத்தமும் முட்டியில விழுது.”

எவாந்தியா சிரித்துவிட்டாள். அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. அந்த ரோட்டில் இருபது வருஷமாக இருக்கிறேன். அந்தச் சனங்கள் எந்தப் பக்கம் பார்த்து ஓடுகிறார்கள் என்று என் வாசலிலிருந்தே பார்த்தவன். எங்கள் ஊர்க்காரன் ஒவ்வொருவனுமே வேலைக்கு மேலே போய், சாயங்காலம் கீழே வருகிறவன்தான். எனக்கு அந்த ரோடு என்றால் வீட்டுக்கு வருகிற ரோடு. வேறு பக்கம் இருக்கிறது என்று தோன்றவே இல்லை.

“நான் ஓடுங்கன்னு சொல்ல மாட்டேன்,” என்றார் டாக்டரம்மா. “சொன்னா கேக்கற ஆளாவும் நீங்க தெரியல. ஆறு வாரம் ஓட்டமே வேணாம். கடல்ல இடுப்பளவு தண்ணியில நடங்க. அதுக்கப்புறம் ஏத்தத்துல மட்டும். இறக்கத்துல ஓடினீங்கன்னா என்கிட்ட வராதீங்க.”

இதையே சொல்கிற இரண்டாவது பெண்.

ஆகஸ்ட் மாதம் கட்டட வேலை கிடையாது, ஊரே கடலில் கிடக்கும். எங்கள் கரையில் காலை எட்டு மணிக்கெல்லாம் தொப்பி போட்ட பெண்கள் கழுத்தளவு தண்ணீரில் வட்டமாக நின்று ஊர்க்கதை பேசுவார்கள். அவர்களைச் சுற்றி நான் இடுப்பளவு தண்ணீரில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். ஒரு மணி நேரம். மறுநாளும் ஒரு மணி நேரம்.

“ப்ரோத்ரொமோ, எதைத் தொலைச்சிட்டுத் தேடறே?” என்றாள் ரொட்டிக்கடைக்காரி.

“முட்டியை.”

“கண்டுபிடிச்சா என்னோடதும் அங்கதான் எங்கயாவது கிடக்கும், எடுத்து வை!”

வட்டம் முழுக்கச் சிரித்தது. நான் நடந்தேன். மாதக் கடைசியில் அவர்களே எனக்குக் கணக்கு வைக்க ஆரம்பித்தார்கள். “இன்னிக்கு ஒரு நடை குறையுது, போ, போ!” என்று விரட்டுவார்கள்.

செப்டம்பரில் ஏற்றம். அதற்கு ஒரே வழி காலையில் ஓடி வேலைக்குப் போவதுதான். ஏழரைக்கு வேலை. நாலரைக்கு எழுந்து, ஒரு துண்டு ரொட்டியும் தேனும் தின்றுவிட்டுக் கிளம்புவேன். வேலைத் துணியை முந்தின நாளே கட்டடத்தில் விட்டுவைப்பேன். ராஃபீனா திருப்பம் வரை ஒன்றும் தெரியாது. அப்புறம் ரோடு மெதுவாக நெஞ்சில் ஏறி உட்காரும். வாரத்துக்கு மூன்று நாள். திரும்பி வர பஸ். மற்ற நாள் ஓட்டம் இல்லை.

பிகெர்மி ஏற்றத்தில் அர்கிரிஸ் வேனில் என்னைத் தாண்டிப் போவான். தாண்டிப் போனால் பரவாயில்லை. என் பக்கத்தில் வண்டியை மெதுவாக்கி, ஜன்னலை இறக்கி, எள் ரொட்டியைக் கடித்துக்கொண்டே பேசுவான்.

“மச்சான், ஹீட்டர் போட்டிருக்கேன்.”

“போடா.”

“சூடா காபி இருக்கு. வாசம் வருதா?”

“போயிடு, அர்கிரி!”

“ஆமை ஒண்ணு உன்னைத் தாண்டிப் போச்சு, பார்த்தியா?”

பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்த பிறகுதான் போவான். ஏழரைக்கு நான் கட்டடத்துக்குள் நுழைந்தால் சாந்து கலந்து தயாராக இருக்கும். என் முட்டி மெத்தையை விரித்து வைத்திருப்பான். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டான். மத்தியானம் வரை அவன்தான் மண்டி போடுவான், நான் நின்றுகொண்டு கல் அறுப்பேன். மேஸ்திரி கேட்டால், “மச்சானுக்கு இடுப்புப் பிடிப்பு,” என்பான். முட்டி என்று சொன்னால் என்னை வேலையிலிருந்து அனுப்பிவிடுவார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

அக்டோபரில் எவாந்தியாவுக்குக் காலை ஷிப்ட் வந்தது. எங்கள் மகள் மிர்த்தோவுக்கு பதினாலு வயசு. எழுப்பி, ஏதாவது தின்ன வைத்து, பள்ளிக்கு அனுப்ப வீட்டில் ஒரு ஆள் வேண்டும். ஓட்டம் நின்றது. பத்து நாள் நான் அவளுக்கு முட்டை அவித்தேன். கால் உள்ளுக்குள் துருப்பிடிக்கிற மாதிரி இருந்தது. அவள் தட்டைத் தள்ளிவிட்டு, “அப்பா, எனக்கு எழுந்திருக்கத் தெரியும். நீ போய் ஓடு,” என்றாள்.

போனேன். மூன்றாவது நாள் அவள் தூங்கிவிட்டாள். கணக்குப் பரீட்சை போயிற்று. வாத்தியார் எவாந்தியாவுக்கு போன் செய்தார்.

அன்று சாயங்காலம் சமையலறையில் எவாந்தியா கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். பீன்ஸை உடைத்துக்கொண்டே சொன்னாள். “நீ போற இடத்துக்கு எங்களையும் இழுத்துட்டுப் போற. உனக்கு அது தெரியுதா இல்லையா?”

“தெரியுது.”

“அப்புறம்?”

“இந்த ஒரு தடவைதான் எவாந்தியா. அடுத்த வருஷம் எனக்கு ஓடற முட்டி இருக்காது. சின்னதுலேர்ந்து நான் போட்ட தரை எல்லாத்துலயும் வேற யாரோ நடக்கறாங்க. ஒரு இடத்துக்காவது நானே நடந்து போய்ச் சேரணும்.”

அவள் பீன்ஸை உடைத்து முடித்தாள். பாத்திரத்தை அடுப்பில் வைத்தாள். “வாத்தியார்கிட்ட நீயே போய்ப் பேசு,” என்றாள். “பரீட்சையைத் திரும்ப வைக்கச் சொல்லு. நான் அஞ்சு மணிக்குக் கிளம்பும்போது இவளை எழுப்பி உக்கார வெச்சுட்டுப் போறேன். தூங்கினா என் கையில அடி வாங்குவா.”

மிர்த்தோ கதவிடுக்கில் நின்று, “தூங்க மாட்டேன்,” என்றாள்.

நவம்பர் ஞாயிற்றுக்கிழமை. மாரத்தோனாஸில் ஆயிரக்கணக்கான சனங்கள். கடைசிக் கூட்டத்தில் நான். ஐந்தாவது கிலோமீட்டரில் அந்தக் காலத்து மாரத்தோன் போரில் செத்தவர்களைப் புதைத்த மண்மேட்டைச் சுற்றி வந்தோம். ஒன்பதாவதில் என் வீட்டு வாசல். தொப்பிப் பெண்கள் எல்லோரும் தொப்பி இல்லாமல் நின்றிருந்தார்கள். ரொட்டிக்கடைக்காரி ஊர் வழக்கப்படி என் கையில் ஒலிவக் கிளையைத் திணித்து, முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அந்த அடியிலேயே பத்து அடி ஓடினேன்.

பிகெர்மி ஏற்றத்தில் எனக்கு முன்னால் ஓடிய வெளிநாட்டுக்காரர்கள் எல்லாம் நடக்க ஆரம்பித்தார்கள். நான் நடக்கவில்லை. அந்த ஏற்றத்தில் எந்த இடத்தில் தார் வெடித்திருக்கிறது, எந்த வீட்டு நாய் குரைக்கும் என்று எனக்குத் தெரியும். பல்லினியில் எங்கள் கட்டடத்தைத் தாண்டினேன். முப்பத்தொன்றாவது கிலோமீட்டரில், ஸ்தாவ்ரோஸ் மேட்டின் உச்சியில், நாலு மணி நேரம் ஐம்பது நிமிஷம் ஆகியிருந்தது. எட்டு மணி நேரத்துக்குள் போனால் போதும். முட்டி அமைதியாக இருந்தது. முடிந்தது என்று நினைத்தேன்.

அங்கிருந்து ஸ்டேடியம் வரை இறக்கம்.

முதல் நூறு அடியிலேயே அந்த ஆணி திரும்ப வந்தது. ஓடிப் பார்த்தேன், முடியவில்லை. நடந்தேன். கொஞ்ச தூரத்தில் நடையும் முடியவில்லை. முன்னால் கால் வைத்தால் முட்டி மடங்கி என்னைக் கீழே தள்ளப் பார்த்தது. விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பதினோரு கிலோமீட்டர் பாக்கி. மஞ்சள் சட்டை போட்ட தொண்டர்ப் பெண் ஒருத்தி வந்து, “ஐயா, நாற்காலி கொண்டு வரட்டுமா?” என்றாள். உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

தரை போடுகிறவன் எப்போதும் பின்பக்கமாகத்தான் போவான். பதித்த கல்லின் மேல் கால் வைக்கக் கூடாது. சுவரிலிருந்து கதவு வரை, பார்வை முன்னால், உடம்பு பின்னால். முப்பத்தெட்டு வருஷம் அப்படித்தான் நகர்ந்திருக்கிறேன். திரும்பி நின்றேன். ஏறி வந்த மேட்டைப் பார்த்துக்கொண்டு ஒரு காலைப் பின்னால் வைத்தேன். வலித்தது. ஆனால் ஆணி இல்லை. இன்னொரு கால். முட்டி மடங்கவில்லை.

அப்படியே இறங்கினேன். சமமான இடத்தில் திரும்பி முன்பக்கமாக, சரிவு வந்தால் பின்பக்கமாக. அகியா பராஸ்கெவியில் காபிக்கடை வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் கைதட்டிக் கத்தினார்கள்.

“பெரியவரே, ஏதென்ஸ் அந்தப் பக்கம்!”

“எனக்குத் தெரியும்!”

“அப்போ யாருக்காகக் காத்துக்கிட்டு இருக்கீங்க?”

“முட்டிக்காக! பின்னாடி வருது!”

ஒருத்தன் எழுந்து கொஞ்ச தூரம் என்னோடு வந்தான். “இடது பக்கம் வாங்க, கம்பம் இருக்கு,” என்று வழி சொன்னான். அப்புறம் வேறு ஒருத்தி. அப்புறம் ஒரு போலீஸ்காரர். சரிவு முடியும் வரை யாராவது ஒருவர் என் முதுகுக்குக் கண்ணாக இருந்தார்.

ஸ்டேடியத்துக்குள் முன்பக்கமாகத்தான் நுழைந்தேன். அங்கே தரை சமம். இரண்டு பக்கமும் வெள்ளை மார்பிள் படிகள் வானம் வரை ஏறிப் போயிருந்தன. கடிகாரம் ஏழு மணி நேரம் முப்பத்தெட்டு நிமிஷம் காட்டியது. கோட்டைத் தாண்டினேன். ஒரு சின்னப் பெண் கழுத்தில் பதக்கம் போட்டாள். குனியச் சொன்னாள், என்னால் குனிய முடியவில்லை. அவள் எம்பிப் போட்டாள்.

எவாந்தியாவும் மிர்த்தோவும் மெட்ரோவில் வந்து காத்திருந்தார்கள். அர்கிரிஸும் வந்திருந்தான். வாய் திறந்தான். என் காலைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டு, என் கையைத் தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான்.

எவாந்தியா என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வீங்கிய முட்டியில் கை வைத்துப் பார்த்தாள். தினமும் இருபது முட்டி பார்க்கிறவள்.

“நாளைக்குக் காலையில டாக்டரம்மாவுக்கு போன் பண்றேன்,” என்றாள். “தேதி கேட்கட்டுமா?”

“கேளு,” என்றேன். “இனிமே எப்ப வேணா வெட்டட்டும்.”