பார்த்தாச்சு

வாடிக்கையாளர்கள் அவரைக் கண்ணாடி அண்ணன் என்பார்கள். முடி வெட்டியதும் கைக்கண்ணாடியைப் பின்மண்டைக்கு நேராகப் பிடித்துக் காட்டாமல் ஒருவரையும் நாற்காலியை விட்டு இறங்க விடமாட்டார். "பஸ் போயிடும் அண்ணே" என்று கெஞ்சினாலும் நடக்காது. "உன் பின்னாடி என்ன இருக்குன்னு உனக்குத் தெரிய வேணாமா?" என்பார். இருபத்தாறு வருஷமாக அதே சலூன், அதே வசனம்.

அவருக்கும் தம்பிக்கும் சர்க்கரை வியாதி. தம்பிக்கு முதலில் முற்றியது. ஷூவுக்குள் கிடந்த பொடிக்கல் ஒன்று மரத்துப்போன பாதத்தைக் குத்திக்கொண்டிருப்பது தெரியாமல் நான்கு நாள் நடந்திருக்கிறான். வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அப்போது கண்ணாடி அண்ணனின் பாதங்களும் மரத்துப்போக ஆரம்பித்திருந்தன. ஆஸ்பத்திரி வராந்தாவில் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தக் குடும்பத்துல ஒரு கால் போனது போதும். நான் விடமாட்டேன்" என்றார். மனசார சொன்னதுதான். அதில் சந்தேகமே இல்லை.

நர்ஸ் சொல்லிக்கொடுத்தது சின்ன வேலை. தினமும் சாயங்காலம் காலைக் கழுவித் துடைத்து, தரையில் ஒரு கண்ணாடியை வைத்து, உள்ளங்கால் இரண்டையும் விரல் இடுக்குகளையும் பார்க்க வேண்டும். இரண்டு நிமிஷம் ஆகும். வலிதான் செத்துப்போயிற்றே, இனி கண்தான் சொல்ல வேண்டும்.

முதல் மாதம் அவர் செய்த அமர்க்களத்தைப் பார்க்க வேண்டுமே. மூக்குக்கண்ணாடி, டார்ச் லைட், பழைய துண்டு, எல்லாம் வரிசையாக வந்து உட்காரும். "இந்தப் புள்ளி நேத்து இருந்துச்சா?" என்று அடுப்படியில் இருக்கிற மனைவியைக் கூப்பிடுவார். அது மச்சம். பிறந்த நாளிலிருந்து அங்கேதான் இருக்கிறது. சலூனுக்கு வருகிற ஆளிடமெல்லாம் பெருமை வேறு.

பார்த்தால் ஒன்றும் இல்லை. மறுநாளும் ஒன்றும் இல்லை. வம்பே அங்கேதான் ஆரம்பித்தது. ஒரு கொப்புளமாவது வந்து தொலைத்திருந்தால் மனுஷன் விடாமல் பார்த்திருப்பார். ஒன்றுமே இல்லாத இரண்டு பாதங்களை நாற்பது சாயங்காலம் உற்றுப் பார்ப்பதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்று, பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஒருநாள் காய்ச்சல், பார்க்கவில்லை. இன்னொரு நாள் கடையில் கூட்டம், அசதி. நாளைக்குச் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார், ஏதோ துணி துவைக்கிற வேலை மாதிரி.

"ஏங்க, பார்த்தாச்சா?" என்று மனைவி அடுப்படியிலிருந்து கேட்பாள்.

"பார்த்தாச்சு."

முதல் தடவை அப்படிச் சொன்னபோது, சொல்லிவிட்டு எழுந்துபோய்ப் பார்ப்பதாகத்தான் இருந்தார். பிறகு வாய் தானாகவே சொல்லப் பழகிக்கொண்டது. விட்ட நாட்கள் கூடக்கூட அசதி போய் வேறொன்று வந்தது. இத்தனை நாள் பார்க்காத காலில் என்ன இருக்குமோ என்ற பயம். அந்தப் பயத்துக்கு அவர் கண்டுபிடித்த மருந்தும், பார்க்காமல் இருப்பதுதான். எனக்கு இந்த இடத்தில் அவர்மேல் கோபம் வருகிறது. பரிதாபமும் வராமல் இல்லை.

ஒருநாள் காலையில் கடையில் ஒருவர், "அண்ணே, உங்க செருப்பு அங்க கிடக்கு" என்றார். குனிந்து பார்த்தால், இடது கால் வெறும் காலாக இருந்தது. ரப்பர் செருப்பு வாசல் பக்கம் அநாதையாகக் கிடந்தது. கழன்றது தெரியவே இல்லை. தரையெல்லாம் வெட்டிய முடி. நாற்காலியடியில், சவரக் கத்திக்காகப் பாதியாக ஒடித்த பிளேடிலிருந்து தெறித்து விழுந்த ஒரு சில்லு காணாமல் போயிருந்தது. அதை யாரும் தேடவில்லை.

பத்து நாள் கழித்துச் செருப்பில் எறும்பு மொய்த்தது. உதறிவிட்டுப் போட்டுக்கொண்டார். தரையில் அங்கங்கே பழுப்பாகக் கறை தெரிந்தது. சாயம் சிந்தியிருக்கும் என்று துடைத்தார். துடைத்த இடத்தில் அவர் நடந்தால் மறுபடியும் வந்தது. அதற்கடுத்த வாரம் சவரத்துக்கு வந்த வாத்தியார் மூக்கைச் சுளித்துக்கொண்டு, "எங்கயாவது எலி செத்துக் கிடக்கா?" என்றார். கண்ணாடி அண்ணன் அலமாரியை நகர்த்தினார், பெஞ்சைப் புரட்டினார், பினாயில் பாட்டிலையே கவிழ்த்தார். கடையில் எல்லா இடத்திலும் தேடினார். எலி கிடைக்கவில்லை. வெயில் ஏற ஏற ஈ வந்தது. அவர் எந்த நாற்காலிக்குப் போனாலும் அதுவும் கூடவே போனது. மத்தியானத்துக்குமேல் உடம்பு லேசாக நடுங்கியது. மின்விசிறியை நிறுத்திக்கொண்டார்.

தம்பி சவரத்துக்கு வந்தது அன்றுதான். கட்டைக்காலைத் தாங்கி உட்கார்ந்தவன், நுரை பூசுகிற வரை ஏதோ பேசிக்கொண்டிருந்தான். அண்ணன் மறுபக்கம் மாறி நின்றதும் பேச்சு அப்படியே நின்றது.

"அண்ணே, காலைக் காட்டு."

"என்னடா காலு? ஆடாம இரு, கத்தி பட்டுரும்."

"இந்த வாடை எனக்குத் தெரியும் அண்ணே." நுரையோடு எழுந்துவிட்டான். "மூணு வாரம் இதோடதான் படுத்துக் கிடந்தேன். காட்டு."

கண்ணாடி அண்ணன் காட்டவில்லை. தம்பிதான் தரையில் உட்கார்ந்து அவர் பாதத்தைத் தூக்கிப் பார்த்தான். பார்த்துவிட்டு, முகத்து நுரையைக்கூடத் துடைக்காமல், ஆட்டோ கூப்பிட வெளியே போனான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா புண்ணை அழுத்திப் பார்த்தார். காலில் மேலே சிவப்பு எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று பேனாவால் கோடு போட்டார்.

"இது எப்பலேர்ந்து இருக்கு?"

மனைவி முந்திக்கொண்டாள். "நேத்து வரைக்கும் ஒண்ணுமே இல்லம்மா. தினமும் பார்ப்பாரு. ஒருநாள்கூட விட்டதில்ல. நேத்து சாயங்காலம்கூட பார்த்தாரு, நான் கேட்டேனே." தன் புருஷனைப் பற்றிச் சொல்கிறோம் என்ற பெருமை, அந்தப் பதற்றத்திலும் அவள் குரலில் இருந்தது.

டாக்டரம்மாவின் முகம் மாறியது. "ஒரே நாள்ல இவ்வளவா? அப்போ ரொம்ப வேகமா ஏறுது. காத்திருக்க முடியாது. முழங்காலுக்கு மேலயே எடுக்கணும், இப்பவே." நர்ஸிடம் ஆபரேஷன் தியேட்டருக்குச் சொல்லச் சொன்னார். பிறகு தனக்குத்தானே பேசுவதுபோல், "மெதுவா ஏறின பழைய புண்ணா இருந்தா, ரெண்டு விரலை மட்டும் எடுத்துட்டுப் பார்க்கலாம்" என்றார்.

கண்ணாடி அண்ணன் சுவரைப் பார்த்தார். தம்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். நர்ஸ் போனை எடுத்தாள். வாயைத் திறந்தால் கால் மிஞ்சலாம். ஆனால் பக்கத்தில் மனைவி நிற்கிறாளே, இவள் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"நேத்து பார்க்கல" என்றார்.

"முந்தாநாள்?"

"பார்க்கல."

"கடைசியா எப்ப பார்த்தீங்க?"

யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "மழைக்கு முன்னாடி" என்றார். மழை நின்று ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

டாக்டரம்மா கையைக் காட்டி நர்ஸை நிறுத்தினார். எழுதியதை அடித்துவிட்டு, வேறு எழுத ஆரம்பித்தார். "இப்பவாவது சொன்னீங்களே. ரத்த டெஸ்ட் எடுத்துப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்."

மனைவி அழவில்லை, திட்டவில்லை. அவர் தோளில் இருந்த கையை மட்டும் எடுத்துக்கொண்டாள். அவர் முகத்தை முதல் தடவை பார்க்கிறவள்போல் பார்த்தாள்.

"அப்ப சர்க்கரை மாத்திரை?" என்றாள். "அதையும் போட்டாச்சான்னு நான் தினமும் கேட்டேனே."

அவர் தலை குனிந்தார். டாக்டரம்மாவின் பேனா நின்றது.