பால்கனிக் கதவு

பெட்டியின் கடைசித் திருகாணி மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது, கழன்று வரவில்லை. சிட்டிபாபு ஸ்க்ரூ டிரைவரைக் கீழே போட்டுவிட்டுக் கடப்பாரையை வாங்கி மூடியை நெம்பினான். மருந்து நெடி குப்பென்று கிளம்பிப் பந்தல் முழுக்கப் பரவியது. பக்கத்தில் நின்ற பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். ஞானஜோதி பொத்திக்கொள்ளவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த ஊர்க்காரரோ அவருக்குப் பக்கவகிடு எடுத்துத் தலை வாரிவிட்டிருந்தார். ஏகநாதன் உயிரோடு இருந்தவரை வகிடு எடுத்ததே இல்லை.

சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா சம்பந்தம்தான் போனில் சொன்னார். "அண்ணன் பால்கனியில நாற்காலி போட்டு உக்காந்துகினு கடலைப் பார்த்துகினு இருந்தாரும்மா. அப்படியே போயிட்டாரு. ஒரு கஷ்டமும் படல." போலீஸ், டாக்டர், மாரடைப்பு என்ற சான்றிதழ் எல்லாம் முடிந்து, சுற்றுலாக் கப்பலில் போன மனிதர் இன்று காலை விமானத்தில் மீனம்பாக்கம் வந்து இறங்கினார். அங்கிருந்து பொழிச்சலூர் வீட்டுக்குக் கூப்பிடு தூரம்தான்.

சிட்டிபாபுவும் இன்னும் நாலு பேருமாக உடலைத் தூக்கிப் பெஞ்சில் கிடத்தினார்கள். சிட்டிபாபு ஜோதியின் புருஷன். இந்த வீட்டுக்கு மகன் இல்லாத குறைக்கு எல்லாம் அவன்தான். மாலை போடுவதற்காக அப்பாவின் கைகளைச் சேர்த்துவைத்தபோது அவள் பார்த்துவிட்டாள். வலது கையின் விளிம்பு, சுண்டுவிரலிலிருந்து மணிக்கட்டு வரை, கன்றிக் கறுத்திருந்தது.

"இது இன்னா சித்தப்பா, கையில?"

சம்பந்தம் குனிந்து பார்த்தார். "தூக்கறப்போ எங்கயாவது இடிச்சிருக்கும்" என்றார். சொல்லும்போது அவர் அவளைப் பார்க்கவில்லை. தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தார். அங்காளம்மாள் வண்டியிலிருந்து இறங்கியதிலிருந்து அழவே இல்லை. தரையில் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

உயிர் போனபிறகு இடித்தால் கன்றுமா? மூடிய கதவை ஓங்கி ஓங்கித் தட்டுகிறவன் கை அல்லவா அந்த இடத்தில் கன்றும்? அந்த எண்ணம் ஒருமுறை வந்ததும் ஜோதியால் அதைத் தள்ள முடியவில்லை.

அண்ணன் தம்பி இருவரும் ஒரே காம்பவுண்டைப் பிரித்து நடுவில் சுவர் எழுப்பி, பத்து வருஷத்துக்கு மேல் முகம் பார்க்காமல் இருந்தவர்கள். போன பொங்கலன்று சித்தப்பா தானாக வந்தார். கையில் கப்பல் கம்பெனியின் வழவழப்பான படப்புத்தகம். நாலு பேருக்கு ஒரே அறை, பால்கனி வைத்தது. தனித்தனியாக எடுத்தால் பால்கனி கிடைக்காது என்றார். "ஒரே ரூம்லயா?" என்று ஜோதி அப்போதே கேட்டாள். அப்பா சிரித்தார். "ஒரே பாயில உருண்டவங்கதானே நாங்க" என்றார். தம்பி தேடி வந்ததில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஜோதிக்கு மட்டும் இன்னும் பிரிக்காமல் கிடக்கும் பெரும்பாக்கம் நிலம் மனசில் வந்து போனது. சீ என்று தன்னையே கடிந்துகொண்டாள்.

இப்போது அந்தச் சீ வரவில்லை.

சித்தி கங்கையம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். "கடல் பார்க்கப் போனியே மாமா, கண்ணாடிக்கு அந்தாண்ட சாஞ்சி கெடந்தியே மாமா..."

பந்தக்கால் ஓரம் நின்ற சம்பந்தம் சட்டென்று திரும்பி மனைவியைப் பார்த்தார். சித்தியின் வாய் அப்படியே நின்றது. பிறகு மூக்கைச் சிந்திவிட்டு வேறு வரி எடுத்தாள்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எப்படிச் சாய்ந்து கிடப்பார்? அப்படியானால் கதவு மூடியா இருந்தது? ஜோதி அதற்குப் பிறகு அழவில்லை. சித்தப்பா எங்கே போகிறார், யாரிடம் பேசுகிறார் என்று கண்ணாலேயே பின்தொடர்ந்தாள். அவர் எங்கே நின்றாலும் அம்மாவைப் பார்த்தபடியே நின்றார். இரண்டு தடவை அவளருகே போய்க் குனிந்து ஏதோ சொன்னார். அம்மா தலையாட்டவில்லை. மிரட்டுகிறாரோ?

வெயில் ஏறியதும் பங்காளிகளில் மூத்தவரான சுப்பராயலு குரல் கொடுத்தார். "சம்பந்தம், நேரமாவுது. குளிச்சிட்டு வா. கொள்ளி நீதானே வைக்கணும்."

சம்பந்தம் சட்டையைக் கழற்றினார். ஜோதி எழுந்து அவருக்கு எதிரே போய் நின்றாள்.

"சித்தப்பா, அந்தப் பால்கனிக் கதவு எப்படி இருந்துச்சு?"

"இன்னாம்மா?"

"அப்பா வெளிய இருந்தப்போ கதவு தொறந்து இருந்துச்சா, தாழ்ப்பாள் போட்டு இருந்துச்சா?"

பறைக்காரர்கள் அடிப்பதை நிறுத்தினார்கள். தலைக்கு மேல் ஒரு விமானம் தாழ இறங்கிப் போனது. சம்பந்தத்தின் கண்கள் மறுபடி அம்மாவிடம் போயின. அம்மா பாயைப் பிய்ப்பதை விட்டுவிட்டு நிமிர்ந்திருந்தாள்.

"போட்டு இருந்துச்சு" என்றார் சம்பந்தம். "நான்தான் போட்டேன்."

"தெரிஞ்சேவா?"

"அண்ணன் வெளிய நிக்கறது தெரியாது. ஏசி வீணாப் போவுதேன்னு போட்டுட்டு மேல போயிட்டேன்." கூட்டத்தைப் பார்த்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "என் கையாலதான் போட்டேன்."

அங்காளம்மாள் அவரை வெகுநேரம் பார்த்தாள். பிறகு அன்றைக்கு முதல்முறையாக அவளிடமிருந்து அழுகை வெடித்தது. பெண்கள் ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தார்கள்.

"இவர் எங்கப்பாவுக்குக் கொள்ளி வைக்கக் கூடாது" என்றாள் ஜோதி.

சுப்பராயலு ஏதோ சொல்ல வாயெடுத்தார். சம்பந்தம் கையமர்த்தினார். "பொண்ணு சொல்றது நியாயம்தான். மாப்பிள்ளை வைக்கட்டும்." கழற்றிய சட்டையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார்.

சிட்டிபாபு குளிக்கப் போனான். பாடை கிளம்பியபோது சம்பந்தம் கூட்டத்தின் கடைசியில், யாரோ வேற்றாள் மாதிரி, தனியாக நடந்து போனார்.

பெண்கள் கொல்லைக் குழாயடியில் தலைமுழுகினார்கள். கங்கையம்மாள் எல்லோரும் போகும்வரை காத்திருந்துவிட்டு, ஈரப் புடவையோடு ஜோதியின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிகினு இருக்காரு. ஆனா கூடப் பொறந்தவரைக் கொன்னவன்னு அவரை ஊர் பேசறதைக் கேட்டுகினு என்னால இருக்க முடியாது ஜோதி."

"சொல்லுங்க."

"அன்னிக்கு மத்தியானம் நாங்க ரெண்டு பேரும் ரூம்லயே இல்ல. சாப்பாட்டுக் கூடத்துலேர்ந்து அப்படியே மேல்தளத்துக்குப் போயிட்டோம். ஒரே ரூமா இருக்குதே, அவங்க ரெண்டு பேரும் கொஞ்சம் தனியா இருக்கட்டுமேன்னு. மாமா சிகரெட் பிடிக்கப் பால்கனிக்குப் போயி ஒரு ஓரமா நின்னுருக்காரு. அக்கா பாத்ரூம்லேர்ந்து வந்து பார்த்தா ரூம்ல ஆளைக் காணோம். எங்களோட மேல வந்துட்டாருன்னு நெனச்சிகினாங்க. கதவைத் தொறந்து வெச்சா ஏசி நின்னுடும்னு அந்த ரூம் பையன் மொத நாளே சொல்லியிருந்தான். அக்காதான் கதவை இழுத்துக் கொக்கியைத் திருப்பிட்டு, திரையையும் போட்டுட்டுப் படுத்துட்டாங்க."

ஜோதி குழாயின் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது தடிக் கண்ணாடி. வெளியில காத்து, எஞ்சின் சத்தம். தூக்க மாத்திரை வேற போட்டுகினு இருந்தாங்க. நாங்க வந்து தட்டி எழுப்பினதும், உங்களோடதானே வந்தாருன்னு கேட்டாங்க. சித்தப்பாதான் திரையை வெலக்கினாரு. உடனே இழுத்து மூடிட்டு, அக்காவை வெளிய கூட்டிகினு போன்னு எனக்குக் கண்ணைக் காட்டினாரு. நாங்க திரும்பி வர்றதுக்குள்ள கொக்கியைத் தொறந்து, மாமாவைத் தூக்கி நாற்காலியில சாய்ச்சி வெச்சிருந்தாரு. அப்புறம்தான் டாக்டரைக் கூப்ட்டது. கதவு தொறந்துதான் இருந்துச்சு அண்ணின்னு திருப்பித் திருப்பிச் சொன்னாரு."

"அம்மாவுக்குத் தெரியாதா?"

"தெரியலன்னுதான் நெனச்சிகினு இருந்தோம்." சித்தி கையை விட்டாள். "நீ கேட்டப்போ அவங்க நிமிர்ந்து பார்த்தாங்களே. எனக்கு இப்போ தெரியல."

ஜோதி ஈரத்தோடேயே உள்ளே போனாள். அம்மா அறை மூலையில் சுவரில் சாய்ந்திருந்தாள். எதிர்வீட்டு ஷம்சாத் கொண்டுவந்து வைத்த இட்லி தட்டில் அப்படியே இருந்தது. ஜோதி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு துண்டைப் பிய்த்தாள். அம்மா வாயைத் திறக்கவில்லை.

"ஜோதி, அவர்தான் போட்டதா சொன்னாரு இல்ல?"

"ஆமாம்மா."

"அவரேதான் சொன்னாரு. நானும் கேட்டேன்."

"ஆமாம்மா. சித்தப்பாதான். கவனிக்காம போட்டுட்டாராம்."

அம்மா கண்ணாலேயே அவள் முகத்தைத் துழாவினாள். ஏதோ ஒன்றைத் தேடுகிற பார்வை. அதைக் கண்டுவிடுவோமோ என்று பயப்படுகிற பார்வையும்கூட. ஜோதி தன் முகத்தை அசையாமல் வைத்துக்கொண்டாள். இதே வேலையைத்தான் காலையிலிருந்து ஒருவர் பந்தக்காலோரம் நின்று செய்துகொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அம்மா வாயைத் திறந்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

ஆற்றங்கரையிலிருந்து ஆண்கள் திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. சிட்டிபாபு மொட்டைத் தலையோடு முன்னால் வந்தான். எல்லோரும் வாசலில் கால் கழுவிக்கொண்டு பந்தலுக்குள் வந்து நாற்காலிகளை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்கள். சம்பந்தம் கடைசியாக வந்து, பந்தலுக்கு வெளியே கிடந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் கையை வைத்த ஒருவர், ஆள் யாரென்று பார்த்ததும் அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்.

ஜோதி ஒரு டம்ளர் காபியை எடுத்துக்கொண்டு அவர்களையெல்லாம் கடந்து போனாள். "அவனுக்கு எதுக்கு?" என்று சுப்பராயலு முனகியது காதில் விழுந்தது. உண்மையை இனி யாரிடமும் சொல்ல முடியாது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

சம்பந்தம் டம்ளரை வாங்கிக்கொண்டார். அவள் கண்ணைப் பார்த்தார். பிறகு சமையலறைப் பக்கம் நின்ற மனைவியைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"அண்ணி ஏதாவது சாப்ட்டாங்களா?" என்று கேட்டார்.

"ரெண்டு இட்லி சாப்ட்டாங்க."

"தூங்கறாங்களா?"

"கண்ணை மூடிகினு இருக்காங்க."

தலையை ஆட்டினார். காபியை ஊதினார், குடிக்கவில்லை. ஜோதி உள்ளே போய் ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். பந்தல்காரன் ஏணியைச் சாய்த்து ஏறிக் கயிறுகளை அவிழ்க்க ஆரம்பித்தான். ஒரு பக்கத் துணி தொய்ந்து இறங்க, அவர்கள் இரண்டு பேர் மேலும் சாயங்கால வெயில் விழுந்தது.