பாலில் ஆடை படியும் வரை

இயக்குநர் ஆன்செல்ம் இறந்த பிறகு அவனுடைய கடைசிப் படத்தை முதன்முதலாக நெவேர் ஊர்த் திரைப்படச் சங்கத்தில்தான் ஓட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம். கடைசி வரிசையில் அவன் மனைவி ஓடீல். அவன் படங்கள் அனைத்தையும் தொகுத்தவளும் அவள்தான். பக்கத்தில் தயாரிப்பாளர் காஸ்பார்.

இருவருக்கும் சண்டை ஒரே ஒரு காட்சிக்காக. படத்தில் ஒரு பெண் வீட்டைவிட்டுப் போய்விடுகிறாள். மேசைமேல் பால் ஆறுகிறது, மெல்ல ஆடை படிகிறது. ஆளில்லை, பேச்சில்லை. காஸ்பார் அதைப் பாதியாகக் குறைக்கச் சொன்னான். பிரான்ஸில் பணம் போட்டவன் மட்டும் நினைத்துப் படத்தில் கை வைத்துவிட முடியாது. இயக்கியவனும் சம்மதிக்க வேண்டும். அவன் இல்லாவிட்டால் அவன் வீட்டார்.

ஓடீல் சம்மதிக்கவில்லை. ஆனால் அவளுக்கே உள்ளூர ஒரு பயம். படத்துக்காகப் பிடிவாதம் பிடிக்கிறேனா, போனவனுக்காகவா?

"பாலைக் காட்டும்போது யாராவது எழுந்து ஒரே ஒரு நாற்காலி மடங்குற சத்தம் கேட்கட்டும், நானே வெட்டித் தர்றேன்" என்றிருந்தாள்.

"ஒண்ணு போதுமா? பாதி அரங்கமே காலியாகும் பாரு."

விளக்கு அணைந்தது. கொஞ்ச நேரத்தில் ஓடீலுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தப் பெண் இன்னும் வீட்டைவிட்டுப் போகவே இல்லை, அதற்குள் பால் வந்துவிட்டது. மேலே ப்ரொஜெக்டர் அறையில் ரீலை மாற்றிப் போட்டுவிட்டார்கள். ஓடிப்போய் நிறுத்தச் சொல்ல அவள் பாதி எழுந்தாள். நாற்காலி லேசாக முனகியது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பால் ஆறிக்கொண்டே இருந்தது. யாரோ இருமல் வந்து அடக்கிக்கொண்டார்கள். ஒருவர்கூட எழவில்லை.

படம் முடிந்ததும், வழக்கம்போல, விவாதம். மருந்துக்கடை யுகெத் முதலில் ஆரம்பித்தாள்.

"முதல்ல வெறுமை, அப்புறம் பிரிவு. அவ போறதுக்கு முன்னாடியே வீடு காலியாயிடுச்சு. என்ன துணிச்சல்!"

"துணிச்சலா? திமிரு" என்றார் ஒரு பள்ளி ஆசிரியர். "ஆனா கண்ணை எடுக்க முடியலை."

ஓடீல் உட்கார்ந்தபடியே சொன்னாள்: "மன்னிக்கணும். ரீல் மாறிப்போச்சு. அவர் எடுத்தது இந்த வரிசையில இல்லை."

யுகெத் அவள் பக்கம் திரும்பினாள்.

"நீங்க அவர் மனைவி, உங்க மேல மரியாதை இருக்கு" என்றாள் யுகெத். "ஆனா படம் வேற சொல்லுதே, மேடம்."

அரங்கம் சிரித்தது. ஓடீலும் சிரித்தாள், அவன் போன பிறகு முதல் தடவையாக. ஆன்செல்ம் இருந்திருந்தால் யுகெத் பக்கம் சேர்ந்துகொண்டு தன்னையே எதிர்த்து வாதாடியிருப்பான். படம் எடுக்கிறவர்களால் மட்டும் இந்த நாட்டுக்குச் சினிமா வந்துவிடவில்லை என்பான். வெளியே வெயிலை விட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்து சண்டை போடுகிறவர்களும் சேர்ந்துதான்.

"நீ ஏன் எழுந்து போய் நிறுத்தலை?" காஸ்பார் காதோடு கேட்டான்.

"எழுந்தா நாற்காலி மடங்கும். நீ ஜெயிச்சிருப்ப."

காஸ்பார் தலையாட்டினான். "பால் காட்சி முழுசா இருக்கட்டும். வரிசை?"

"அவரோடதுதான்."

இப்போது அவள் எழுந்தாள். நாற்காலி தட்டென்று மடங்கியது. ஒருவரும் திரும்பவில்லை. அந்தப் பால் எவ்வளவு நேரம் ஆறியிருக்க வேண்டும் என்று அடித்துக்கொண்டிருந்தார்கள்.