தக்காளிக்கென்று கேட்டு வாங்கிய குச்சிகள்

…மக்களாட்சியின் மாண்பு முழுவதும், ஒரு சாதாரணக் குடிமகன் தன் மனசாட்சியோடு தனித்து நின்று ஒரு நேர்மையான பெயருக்கு நேரே பேனாவை வைக்கும் அந்தப் புனிதமான கணத்தில் அடங்கியிருக்கிறது, என்று பேச்சை ஆரம்பிக்கலாம், நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்தக் கணத்தில் அந்தக் குடிமகன் என்ன செய்கிறான் என்பது மெர்வின் டால்டனுக்குத் தெரியும், வாக்குச்சீட்டின் முன்பக்கத்தில் அதிபர், ஆளுநர் என்று தெரிந்த பெயர்களுக்குக் குறி போட்டுவிட்டு, சீட்டைத் திருப்பி, வடிகால் ஆணையர் என்ற வரிக்கு வந்ததும், வடிகாலுக்குக்கூடவா ஆணையர் என்று ஒரு வினாடி திகைத்து, எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிற பெயருக்கு வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டுச் சாப்பிடப் போய்விடுகிறான். அப்படித்தான் பத்தொன்பது வருடங்களுக்கு முன் இந்தக் கவுண்டி மாவட்டத்தின் மக்கள் தங்கள் மனசாட்சியைக் கேட்டு மெர்வினைத் தேர்ந்தெடுத்தார்கள், அதுவரை தரைவிரிப்பு விற்றுக்கொண்டிருந்த மெர்வினை, ஓடைக்கும் வாய்க்காலுக்கும் வித்தியாசம் கேட்டால் இருமத் தொடங்கிவிடும் மெர்வினை… டிராக்டர் ஒரு குலுங்கு குலுங்கியது. பின்னால் இழுபட்ட வண்டியில் வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்திருந்த அவர் மிட்டாய் வாளியைப் பிடித்துக்கொண்டார். ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின ஊர்வலம் கிளம்பிவிட்டது. முன்னால் தீயணைப்பு வண்டி, அதற்குப் பின்னால் பள்ளிக்கூட வாத்தியக் குழு, அதற்குப் பின்னால் இந்த வண்டி, வண்டியின் இரண்டு பக்கமும் நீளத் துணி, துணியில் முழ உயர எழுத்தில், டால்டன்கள்: எழுபது ஆண்டு, ஒரே குடும்பம், ஒரே தொண்டு.

ஒரே குடும்பம். அவர் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை, வேண்டுமானால் சத்தியம் செய்வார், ஒரு தடவைகூடச் சொன்னதில்லை, ஷெரிஃப் ஆர்லோ டால்டன் உங்களுக்கு என்ன வேண்டும் என்று யாராவது கேட்டால் லேசாகச் சிரித்து, பெரிய மனுஷர், என்று மட்டும் சொல்வார், அது பொய்யா, பெரிய மனுஷர்தானே, இருபத்தெட்டு வருடம் ஷெரிஃபாக, கவுண்டியின் காவல் தலைவராக இருந்தவர், பனிப்புயலில் நடந்தே போய்ப் பண்ணை வீட்டில் பிரசவம் பார்த்தவர், அவர் தம்பி நீதிபதி, சித்தப்பா மகன் கருவூல அதிகாரி, இந்த ஊரில் டால்டன் என்றால் ரொட்டிக்கு வெண்ணெய் மாதிரி, யாரும் யோசிப்பதில்லை, எடுத்துத் தடவிக்கொள்வார்கள். மெர்வினின் அப்பாவும் டால்டன்தான், வேறு மாநிலத்து டால்டன், வெந்நீர் இயந்திரம் பழுது பார்த்தவர், ஒரு பதவிக்கும் நின்றதில்லை, ஒரு வரிசையில்கூட முன்னால் நின்றதில்லை. பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த அட்டைகள்… வேண்டாம், அட்டைகளைப் பற்றி இப்போது வேண்டாம், மிட்டாயை வீசு, சிரி.

வீசினார். எதிரே உட்கார்ந்திருந்த வில்மா டால்டன் சிரிக்கவில்லை. ஆர்லோவின் மகள், எழுபத்தெட்டு வயது, அரிசோனாவிலிருந்து இதற்காகவே விமானத்தில் வந்திருக்கிறாள், மடியில் ஒரு வட்டமான அட்டைப் பெட்டி, பெட்டிக்குள் அவள் அப்பாவின் தொப்பி. ஊர்வலம் நீதிமன்றப் படிக்கட்டில் முடியும்போது அந்தத் தொப்பியை அவள் மெர்வின் தலையில் வைக்க வேண்டும், அவர் குடும்பத்தின் சார்பில் நாலு வார்த்தை பேச வேண்டும், விழாக் குழுவின் ஏற்பாடு. மூன்று வாரமாக மறுத்துவிடலாம் என்று நினைத்து நினைத்து, மறுப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டுமே என்று விட்டுவிட்டார். படிக்கட்டுக்கு இன்னும் எட்டுத் தெரு இருக்கிறது. எட்டுத் தெருவுக்குள் சொல்லிவிட வேண்டும், தொப்பி தலைக்கு வருவதற்கு முன்னால், அம்மா, நான் உங்க குடும்பம் இல்ல, ஐந்தே வார்த்தை, இதில் என்ன கஷ்டம். காலையில் வண்டியில் ஏறும்போதே சொல்லியிருக்கலாம், அவளே கேட்டாளே, நீ எந்தக் கிளைப்பா, ஒஹையோ பக்கமா, என்று, அதற்கு இவர் வாயிலிருந்து வந்தது என்ன, ஆமாம்மா, அந்தப் பக்கம்தான். அந்தப் பக்கம்தான். பத்தொன்பது வருடம் பொத்திப் பொத்திக் காப்பாற்றிய உண்மையை இன்று காலை ஏழே முக்காலுக்கு, ஒரு காப்பிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, இவ்வளவு சுலபமாகவா… காது சுட்டது. வெயில் என்று நினைத்துக்கொள்ளட்டும்.

"சார், உங்களுக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டிருக்கேன்," என்றாள் பக்கத்திலிருந்த டெஸ்ஸா டால்டன், நூலகக் குழுவுக்குப் போன நவம்பரில் ஜெயித்தவள், முப்பது வயதுகூட இருக்காது. "நான் ஒரு வீட்டுக் கதவையும் தட்டல. ஒரு நோட்டீஸ் அடிக்கல. நாலாயிரம் ஓட்டு. எல்லாம் உங்க குடும்பத்துப் புண்ணியம்."

நீயும் டால்டன்தானேம்மா, என்றார் மெர்வின்.

"அட நீங்க வேற. அது என் பழைய புருஷன் பேரு. ஆளத் திருப்பிக் குடுத்துட்டேன், பேர வச்சுக்கிட்டேன். அவன்கிட்ட உருப்படியா இருந்தது அது ஒண்ணுதான்." வில்மா முதல் தடவையாகச் சிரித்தாள், மெர்வினும் சிரித்தார், எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாள், மிட்டாய் வீசுகிற மாதிரி, இவளால் முடிகிறது என்னால் ஏன் முடியவில்லை… போன நவம்பரில் நூலகக் குழு என்ற வரிக்கு வந்தபோது ஏழு பெயர் இருந்தது, ஏழு பேரில் ஒருவரையும் அவருக்குத் தெரியாது, ஒரு வினாடி திகைத்துவிட்டு டால்டன் என்ற பெயருக்கு வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டுச் சாப்பிடப் போனார். அதை இவளிடம் சொல்லலாமா. சொல்லாதே.

அட்டைகள். சரி, நினைத்தே தீர வேண்டுமென்றால் நினைப்போம், இன்னும் ஆறு தெரு. பத்தொன்பது வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை, ஆர்லோ செத்துப்போய் வீட்டைக் காலி செய்கிறார்கள் என்று வாசலில் சாமான் பரப்பியிருந்தார்கள், விளக்கு, தூண்டில் கழி, பழைய ஸ்வெட்டர், ஊரே வந்து புரட்டிக்கொண்டிருந்தது, இவர் கார் கொட்டகையின் மூலையில் அவற்றைப் பார்த்தார், தேர்தலுக்கு வீட்டு முற்றங்களில் நடுகிற அட்டைகள், மரக் குச்சியோடு, நூறு இருக்கும், நீல நிறம், மஞ்சள் நட்சத்திரம், நடுவில் டால்டன் என்ற ஒரே சொல், பதவியின் பெயர்கூட இல்லை, ஆர்லோவுக்கு அது தேவைப்பட்டதில்லை. அப்போது இவர் மனுத் தாக்கல் செய்து பத்து நாள் ஆகியிருந்தது. அட்டைக் கட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது அங்கே உட்கார்ந்திருந்த பெண் கேட்டாள், இதெல்லாம் எதுக்கு உங்களுக்கு. தேர்தலுக்கு என்று சொல்லியிருக்கலாம், நானும் டால்டன்தான் என்று சொல்லியிருக்கலாம், இரண்டுமே உண்மை, இரண்டுமே வாய்க்கு வரவில்லை. தக்காளிச் செடிக்கு முட்டுக் கொடுக்க, என்றார். குச்சி நல்ல குச்சி. அப்படியா, எடுத்துட்டுப் போங்க, சும்மாவே எடுத்துட்டுப் போங்க, அப்பாவுக்கும் தக்காளின்னா உசுரு, என்றாள் அந்தப் பெண். அன்றிரவே அட்டைகளின் அடியில், சட்டப்படி ஒட்ட வேண்டிய, வெளியிட்டவர் இன்னார் என்ற சின்னச் சீட்டைப் புதிதாக ஒட்டி, மறுநாள் ஊர் முழுக்க நட்டார். ஊர் அந்த நட்சத்திரத்தைப் பார்த்தது, ஆர்லோவின் மகன் வந்துட்டான்டா என்றது. ஆர்லோவுக்கு மகனே இல்லை. அதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு இப்போது நினைவிருக்குமா… பத்தொன்பது வருடம், நூறு பேர் வந்து போன வாசல், இருக்காது, இருக்கவே இருக்காது.

இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் தோற்றவள் ரூத் வாண்டர்மோலன். பொறியாளர், கவுண்டியின் ஒவ்வொரு ஓடையையும் ரப்பர் காலணி போட்டு நடந்து அளந்தவள். தோற்ற மறுவாரம் மெர்வின் அவளையே தன் துணை ஆணையராக வைத்துக்கொண்டார், பெருந்தன்மை என்று ஊர்ப் பத்திரிகை எழுதியது, பெருந்தன்மையா அது, ஓடை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சொல்வதற்கு ஆள் வேண்டாமா, பதினெட்டு வருடம் அவள் வேலை செய்தாள், இவர் கையெழுத்துப் போட்டார், விருது வந்தபோது அதையும் இவரே வாங்கினார், போன டிசம்பரில் அவள் ஓய்வு பெற்றாள், மார்ச்சில் சேம்பர்லின் சாலை ஓடை பொங்கிப் பதினாலு வீட்டு நிலவறையில் தண்ணீர். இயற்கைச் சீற்றம் என்று அறிக்கை கொடுத்தார். அதோ, மருந்துக் கடை முன்னால், மடக்கு நாற்காலியில், வைக்கோல் தொப்பி போட்டுக்கொண்டு… ரூத்தேதான். பார்க்காத மாதிரி அந்தப் பக்கம் திரும்பி ஒரு பிடி மிட்டாயை வீசினார், கை தவறி எல்லாம் அவள் மடியிலேயே விழுந்தது.

"மெர்வின்," என்றாள் ரூத், குரலை உயர்த்தாமல், ஒன்றைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டே. "சேம்பர்லின் ரோட்டுக்கு அடியில போற ஓடைக் குழாய் வாயில இன்னும் அந்த மரம் அடைச்சுக்கிட்டுக் கெடக்கு. நேத்துகூடப் போய்ப் பாத்தேன். மூணு மாசம் ஆச்சுப்பா."

பாத்துடறேன் ரூத், என்றார். எந்த மரம் என்று அவருக்குத் தெரியாது. வண்டி நகர்ந்துவிட்டது, அவள் கையை அசைத்தாள், கோபம்கூட இல்லை, கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், கோபித்துக்கொள்கிற அளவுக்காவது ஒரு ஆளாக… இரண்டு தெரு. சொல்லிவிடு. இப்போது சொல்லிவிடு. அம்மா, என்றார். வில்மா நிமிர்ந்தாள். அம்மா, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், இந்தத் தொப்பி விஷயமா…

"தக்காளி எப்படிக் காய்ச்சுது?" என்றாள் வில்மா.

வாத்தியக் குழு அந்த நேரம் பார்த்து நிறுத்தியது, அல்லது நிறுத்தியதாக அவருக்குத் தோன்றியது.

"இல்ல, நூறு குச்சி எடுத்துட்டுப் போனியே. பெரிய தோட்டம்தான் போலருக்குன்னு நெனச்சேன். அடுத்த மாசம் வக்கீல பாக்கத் திரும்பி வந்தேன், பாத்தா ஊரெல்லாம் உன் தோட்டம்."

மன்னிச்சுக்குங்க, என்று சொன்ன மாதிரி ஞாபகம், சொல்லவில்லையோ என்னவோ. அப்போ காலைல எந்தக் கிளைன்னு கேட்டீங்களே, என்றார், எவ்வளவு அற்பமான கேள்வி, இந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா இது. "சும்மாதான் கேட்டேன். நீ என்ன சொல்றேன்னு பாக்கலாம்னு," என்றாள். டெஸ்ஸா வாளியில் மிட்டாய் தேடுகிற பாவனையில் குனிந்துகொண்டாள், அவள் தோள் குலுங்கியது. அப்புறம் எதுக்கும்மா தொப்பிய எனக்குக் குடுக்கறீங்க, என்று கேட்டார், நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு, ஒருவேளை இவள் தன்னை மன்னித்து, இத்தனை வருட உழைப்பைப் பார்த்து… "என் பொண்ணுக்கு வேணாமாம். பேரனுக்கு வேணாமாம். மியூசியத்துல இது மாதிரி ஏற்கெனவே மூணு இருக்காம். குப்பையில போட மனசு வரல," என்றாள் வில்மா. "மேல ஏறி நீ என்ன சொன்னாலும் எனக்கு ஒண்ணுமில்ல. நெசத்தச் சொல்றதுன்னாலும் சொல்லு. எனக்கு நாலு மணிக்கு ஃப்ளைட்."

படிக்கட்டு. மைக். இரண்டாயிரம் பேர், முன்வரிசையில் ஆர்லோவின் பழைய காவலர்கள், கைத்தடியோடு. சொல்லிவிடலாம், இனி யாருக்கு மறைப்பது, மறைக்க வேண்டியவளுக்கே தெரிந்துவிட்டது. தொப்பி தலையில் இறங்கியது, பழைய வியர்வையும் அந்துருண்டையுமாக ஒரு வாசனை, அது காது வரை சரியும், எல்லோரும் சிரிப்பார்கள், அதையே சாக்காக வைத்து ஆரம்பிக்கலாம் என்று நினைத்திருந்தார், ஆனால் அது கச்சிதமாகப் பொருந்தியது. இந்தத் தொப்பி எனக்கு உரியது இல்ல, என்றார் மைக்கில். உடனே கைதட்டல், எழுந்து நின்று கைதட்டினார்கள், என்ன அடக்கம் பார் என்று ஒரு கிழவர் கண்ணைத் துடைத்தார். அடுத்த வாக்கியம் தயாராக இருந்தது, நான் அந்தக் குடும்பமே இல்ல, கைதட்டல் ஓயட்டும் என்று காத்திருந்தார், ஓயவில்லை, கையை உயர்த்தினார், அதை வணக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் பலமாகத் தட்டினார்கள், வாத்தியக் குழு ஆரம்பித்துவிட்டது. மைக் அணைந்திருக்கவில்லை. சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. கொஞ்சம் உரக்கச் சொல்லியிருந்தால் கேட்டிருக்கும். பாட்டு ஆரம்பித்தபோது நெஞ்சில் ஏதோ இறங்கியதே, அது ஏமாற்றமா, நிம்மதியா… நிம்மதி என்று தெரிந்தபோது தொப்பியின் விளிம்பை இழுத்துக் கண்ணை மறைத்துக்கொண்டார், அதற்கும் யாரோ படம் எடுத்தார்கள்.

காருக்குப் போகும் வழியில் வில்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். கார்க் கதவை மூடுவதற்கு முன் நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா வீட்ட இப்பத்தான் விக்கறோம், ஆகஸ்ட் கடைசில அந்தப் பத்திரத்துக்கு ஒரு தடவ வரேன். ஒரு கூடை தக்காளி கொண்டு வந்து குடு. உன் தோட்டத்துது. குச்சிக்குச் சரியாப் போச்சுன்னு வச்சுக்குவோம்."

கண்டிப்பாம்மா, என்றார் மெர்வின், ஒரு வினாடிகூடத் தயங்காமல். கார் திரும்பி மறையும் வரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், மரியாதைக்கு, இன்னும் எட்டு வாரம் இருக்கிறது, இன்றைக்கே நட்டால்கூட… அவர் மனைவிக்குத் தக்காளி ஒத்துக்கொள்ளாது. வீட்டில் ஒரு செடிகூட நட்டதில்லை. கடைத் தக்காளியில் ஒட்டியிருக்கும் சின்ன எண் சீட்டு, வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டால் தடம் தெரியாமல் உரிந்து வந்துவிடும்.