பொய் மணி

முட்டிவலிக்குப் போடும் பட்டை என்ன விலை என்று பார்க்க, அப்பா மகளின் லேப்டாப்பில் எதையோ தொட்டார். திரை முழுக்கச் சிவந்தது. உள்ளே ஒரு மணி அலறத் தொடங்கியது. ‘உங்கள் கணினிக்குள் வைரஸ் புகுந்துவிட்டது. அணைத்தால் எல்லாம் அழிந்துவிடும். உடனே இந்த எண்ணை அழையுங்கள்.’ முப்பது வருஷம் ஆலையில் பாய்லர் பார்த்த உடம்பு, மணிச் சத்தம் கேட்டதும் தானாக எழுந்து நின்றது. மகளின் ஆபீஸ் வேலை மொத்தமும் அதற்குள்தான் இருந்தது. செல்லை எடுத்து எண்ணை அழுத்த ஆரம்பித்தார்.

துணி துவைத்துக்கொண்டிருந்த மகள் முழங்கை வரை நுரையோடு ஓடி வந்தாள்.

“ஃபோனை வைங்கப்பா! கூப்பிட்டீங்கன்னா அவன் உள்ள பூந்து எல்லாத்தையும் வழிச்சிட்டுப் போயிருவான்.”

“எல்லாம் அழிஞ்சிரும்னு கத்துதேம்மா.”

“ஏதோ ஒரு வெப்சைட்டு போடுற கூத்துப்பா. பொய். நிஜமான எச்சரிக்கை நம்பரக் குடுத்து ‘கூப்பிடு கூப்பிடு’ன்னு உயிரை வாங்காது. என் கை பூரா சோப்பு. கீபோர்டுல மேல இடது மூலையில எஸ்கேப் பட்டன், அமுக்கிப் பிடிங்க. அப்புறம் பிரவுசரை மூடிருங்க.”

பொய். இதே வார்த்தையை அவரும் சொல்லியிருக்கிறார், பதினோரு வருஷத்துக்கு முன்னால். அன்றைக்குப் பாய்லர் மணி மூன்றாவது தடவையாக அடித்தது. முதல் இரண்டு தடவையும் வெறும் சத்தம்தான். ‘பொய் மணி. இதுக்கு வேற வேலையில்ல’ என்று பொத்தானை அமுக்கி அதன் வாயை அடைத்தார். கீழே வால்வுப் பக்கம், கூட வேலை பார்த்த விசில்காரன் இருந்தான். சீட்டியடிக்காமல் ஒரு போல்ட்டைக்கூட முடுக்க மாட்டான். மணி நின்றதும் அவன் பாட்டு தெளிவாகக் கேட்டது. பாதி வரைக்கும்.

“என்னப்பா மரம் மாதிரி நிக்கிறீங்க? பாய்லரையே மேய்ச்ச ஆளு, ஒரு பட்டனுக்குப் பயப்படுறீங்க!”

“நல்லாத் தெரியுமா உனக்கு?”

“தெரியும்பா. அமுக்குங்க.”

அமுக்கினார். சிவப்பு சுருங்கியது. மேலே, தலைகால் புரியாத எழுத்தில் ஒரு முகவரியும் ஓரத்தில் பெருக்கல் குறியும் தெரிந்தன. மூடினார். சத்தம் நின்றது.

“பாத்தீங்களா? ஒண்ணுமே இல்ல.” துணிக்குத் திரும்பிப் போனாள்.

அந்த அமைதிக்குள் காதை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு, பாய்லர் கதவைச் சோதிப்பதுபோல, புறங்கையை லேப்டாப்பின் அடியில் வைத்துப் பார்த்தார்.

“ஏம்மா, இது எப்பவும் இவ்வளவு சூடாவா இருக்கும்?”

குழாய்ச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. அவர் கையை எடுக்கவில்லை.