மூன்றாம் வருடப் பால்குடம்

நோர்வூட்டுக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில், ஜீவராணியின் பால்குடம் இரண்டு வருடமாக மாரியம்மன் கோயில் வாசலைத் தாண்டவில்லை. மகளுக்குக் காய்ச்சல் முற்றியபோது நேர்ந்துகொண்டது. மகள் எழுந்து ஓடியாடிக்கொண்டிருக்கிறாள், நேர்த்திதான் அப்படியே நிற்கிறது. திருவிழாக் காலையில் துணியில் இரத்தம் பட்டுவிடும், குடத்தை இறக்கிவிட்டு லயத்து வீட்டுக்குத் திரும்புவாள். மாதக் கணக்கு ஒருநாளும் பொருந்தியதில்லை. ஆனால் புருஷனின் அக்கா சண்முகவடிவுக்குக் காரணம் கைவசம் இருந்தது.

"ஆத்தாளுக்கு ஒம்மேல என்னமோ மனத்தாங்கல், ஜீவா."

இந்த வருடம் திருவிழாவுக்கு நாலு நாள் இருக்கும்போதே பட்டுவிட்டது. புற்றுநோயாக இருக்குமோ என்று பயந்து, கொழுந்து பறிக்கப் போகாமல் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினாள் ஜீவராணி.

டாக்டர் ஷாமிலா பார்த்துவிட்டுச் சொன்னார். "கர்ப்பப்பை வாசல்ல சின்னதா ஒரு சதை தொங்குது. பாலிப்னு சொல்லுவோம். ரத்தம் அதுல இருந்துதான் வருது, மாதவிடாய் இல்ல. அநேகமா ஆபத்தில்ல. எடுத்துச் சோதனைக்கு அனுப்புவோம்."

இடுக்கியால் பிடித்துத் திருகி எடுத்தார். சுருக்கென்றது, அவ்வளவுதான். போத்தலில் கிடந்த சிவப்புத் துணுக்கு, இரத்தம் குடித்த அட்டை மாதிரியே இருந்தது. இதற்கா இத்தனை நாள் அம்மனுக்குப் பயந்து செத்தோம் என்று ஜீவராணிக்குக் கோபம்கூட வந்தது.

"சில நாளைக்கு லேசா படும். அதிகமாப் போனா, காய்ச்சல் வந்தா ஒடனே வாங்க," என்றார் டாக்டர்.

திருவிழாவன்று ஆற்றோரம் குடங்களோடு பெண்கள் கூடினார்கள். வடிவும் தன் குடத்தோடு வந்து, வழக்கம்போல விசாரணையைத் தொடங்கினாள்.

"சுத்தமா இருக்கியா?"

ஜீவராணிக்குப் பொய் வரவில்லை. "லேசா பட்டிருக்கு மதினி."

"அப்ப கொடத்த எறக்கு."

ஜீவராணி தலை குனிந்தாள். வடிவின் மஞ்சள் சேலைக்குக் கீழே கணுக்காலில் இரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

"நீங்களும் எறக்குங்க மதினி. கால்ல ரத்தம்."

வடிவு குனிந்து பார்த்தாள். "புல்லுல அட்டை கடிச்சிருக்கு. இதுக்கு என்னடி தீட்டு?"

"எனக்கு உள்ளுக்குள்ள கடிச்சிருந்துச்சு. டாக்டரம்மா புடுங்கிட்டாங்க. இது அந்தப் புண்ணு ரத்தம்."

வடிவு ஒரு காலால் மறு காலைத் துடைத்தாள். இரத்தம் மறுபடியும் வழிந்தது. தப்பு மேளம் முழங்கத் தொடங்கியது.

"கொடத்த நேரா புடி. பாலு சிந்துது," என்று வழிவிட்டாள்.

கோயில் வாசலைத் தாண்டும்போது ஜீவராணி அழுதுவிட்டாள். அவளுக்குப் பின்னாலேயே வடிவும் தாண்டினாள். அவள் காலில் இரத்தம் இன்னும் நிற்கவில்லை. யாரும் அவளைத் தடுக்கவில்லை.